முதல் மழைக்குக் கரைந்துவிடும்

வாகதூகு
12 பிப்ரவரி 2012

என் அடிமை லஸாருக்கு,

உன் எஜமானி ரஸ்மாதா எழுதுவது. நான் நலம். நீயும் உன்னைக் கட்டிக்கொண்ட பெர்த்தும் பிள்ளைகளும் நலம்தானே? போபோ ஊர் நாய்கள் நலமா என்று கேட்கவில்லை. நாய்க்கறி தின்னும் சாமோக்காரன் குடிவந்த தெருவில் நாய்த்தலை மிஞ்சியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் லோமே கல்லூரி வாசலில் நீ என்னைப் பார்த்துக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “நீ மோசியா? அப்ப என் அடிமை. வா, இந்தப் பெட்டியத் தூக்கு.” எங்கள் மோசி இனத்துக்கும் உன் சாமோ இனத்துக்கும் கேலிமுறை என்று ஒன்று மட்டும் இல்லாதிருந்தால் அன்றே உன் பல்லைத் தட்டியிருப்பேன். நம் முன்னோர்கள் வைத்த சட்டம் அப்படி. என்ன கேலி செய்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பெட்டியைத் தூக்கினேன். பாதி வழியில் சாக்கடையில் போட்டேன். நீயும் கோபித்துக்கொள்ளவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். இந்தத் தகரக் குழாயில் உங்கள் பருத்திக் கம்பெனியின் புதுத் தலைமை அலுவலகத்துக்கான பிளான் இருக்கிறது, பதினோரு தாள். மூன்றாம் முறையாகத் திருத்தியிருக்கிறேன். இனி திருத்த மாட்டேன். நாலு மாடி. நீள வாக்கில் கிழக்கு மேற்காகப் படுத்திருக்கிறது. சுவர் முழுக்க அழுத்து மண்கல், போபோ மண்ணையே சுடாமல் அச்சில் அழுத்தி அடித்தது. கூரை இரண்டு. கீழே ஒன்று, அதற்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் தகரம். நடுவில் காற்று போய்வரும். வெயில் முழுவதையும் தகரம் வாங்கிக்கொள்ளும், கீழ்க்கூரைக்கு நிழல்தான். ராத்திரிக் குளிர்ச்சி மேல்சாளரம் வழியாக உள்ளே வந்து சுவரில் தங்கும். பகலில் அதை வைத்து வேலை பார்க்கலாம். இப்போது நீங்கள் நூற்று நாற்பது ஏ.சி. வைத்துக்கொண்டு, கரண்ட் போனால் ஜெனரேட்டர் புகையில் உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்தக் கூத்து இருக்காது. கம்ப்யூட்டர் சர்வர் அறைக்கு மட்டும் ஏ.சி. கொடுத்திருக்கிறேன். இயந்திரத்துக்கு வியர்க்கும், பாவம்.

பதினாறு வருஷமாக இந்த மண்கல்லில் பள்ளிக்கூடம் கட்டினேன், பிரசவ ஆஸ்பத்திரி கட்டினேன், வீடு கட்டினேன். எல்லாம் ஏழைகளுக்கு. ஏழைக்கு மண், கம்பெனிக்குக் கண்ணாடி என்று இந்த நாட்டில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. அதை உடைக்க எனக்குக் கிடைத்த கட்டடம் இது ஒன்றுதான். இது நின்றால் நாளைக்கு பேங்க்காரன் கேட்பான், மந்திரி கேட்பான். இது நிற்காவிட்டால் நான் கடைசிவரை ஏழைகளின் எஞ்சினியரம்மாதான். அதில் எனக்கு வெட்கமில்லை, கோபம்தான்.

சுவரின் பளுவைச் சோதித்து ஒவ்வொரு தாளிலும் நீ கையெழுத்துப் போட வேண்டும். மார்ச் ஒன்பதாம் தேதி போர்டு கூடுகிறது. எழுதப் படிக்கத் தெரிந்த யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு சீக்கிரம் செய்.

உன் எஜமானி,
ரஸ்மாதா தாப்சோபா


போபோ திவுலாசோ
24 பிப்ரவரி 2012

எஜமானி என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும் என் அடிமைக்கு,

குழாய் வந்தது. பஸ்ஸில் மூட்டை இறக்குகிறவன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “தூண்டிலா சார்? இந்த வறட்சியில எங்க போய் மீன் பிடிப்பீங்க?” என்று கேட்டான். மோசிக்காரி அனுப்பியது, உள்ளே மண்தான் இருக்கும் என்றேன். சிரித்தான். அவனும் சாமோ.

இனி கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறேன். உன் சுவர் நிற்கும். மண்கல்லில் ஆறு எடுத்து லேபில் கொடுத்து நசுக்கிப் பார்த்தேன். நமக்குத் தேவையானதைப் போல் இரண்டு மடங்கு தாங்குகிறது. தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டும் பார்த்தேன், விளிம்புகூட உதிரவில்லை. கணக்கு தனித் தாளில் இருக்கிறது. இவ்வளவு நல்ல பிளானை நான் பார்த்ததில்லை, ரஸ்மாதா. இதை இன்னொரு தடவை என் வாயால் கேட்க முடியாது, எனவே இந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்.

எங்கள் புது எம்.டி. வந்துவிட்டார். மாபியாலா என்று பெயர், பிராசவில்காரர். நல்ல மனிதர், ஆனால் கோட்டைக் கழற்றி நான் பார்த்ததில்லை. அவர் அறை பதினெட்டு டிகிரி. உள்ளே போகிறவன் தும்மிக்கொண்டுதான் வெளியே வருகிறான். அன்றைக்கு என்னிடம், “மிஸ்டர் தோயே, வாசல்ல கால் வச்சதும் ஜில்லுனு இருக்கணும். அப்பத்தான் வர்றவனுக்கு இது கம்பெனின்னு தெரியும்” என்றார். அவரை நீதான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு இப்போது வாயைத் திறக்க முடியாத நேரம். கட்டடப் பிரிவுத் தலைவர் நாற்காலி ஜூனில் காலியாகிறது. பெர்த் அதற்கு மனத்தளவில் மெத்தை தைத்து முடித்துவிட்டாள்.

பதினோரு தாளிலும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தியாயிற்று. நாலாவது தாளில் மேற்குச் சுவருக்குப் பக்கத்தில் உன் குலத்துக்குச் சேர வேண்டிய மரியாதையைச் சிவப்புப் பென்சிலில் வழக்கம்போல் செய்திருக்கிறேன். சட்டம் போட்டு மாட்டிக்கொள். போர்டுக்கு நகல் எடுக்கச் சொல்லிக் காரியதரிசியிடம் கொடுத்திருக்கிறேன். முடிந்ததும் மூலத்தை ஆறு மணி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.

ஒன்பதாம் தேதி வரும்போது தலை வாரிக்கொண்டு வா.

உன்னை விலை கொடுத்து வாங்கி ஏமாந்த,
லஸார்


வாகதூகு
11 மார்ச் 2012

லஸார்,

நேற்றே எழுதியிருப்பேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

நீயும் அந்த அறையில்தான் இருந்தாய். ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு எப்படித் தெரிந்தது என்பது உனக்குத் தெரிய வேண்டும். இருபது நிமிஷம் நான் பேசினேன். எல்லாரும் கேட்டார்கள். உங்கள் நிதிப் பிரிவு சானு அம்மாள் குறிப்புக்கூட எடுத்தார். பிறகு மாபியாலா நாலாவது தாளை எடுத்தார். “மேடம், நான் கட்டடம் படிச்சவன் இல்ல. ஆனா எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்” என்றார். எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். ‘இது ஆபீசா, அடிமைகளுக்குக் கட்டிய ஆட்டுக்கொட்டகையா? முதல் மழைக்குக் கரைந்துவிடும்.’ கீழே உன் கையெழுத்து. பக்கத்தில் கம்பெனி முத்திரை.

சானு அம்மாள் கைக்குட்டைக்குள் இருமினார். சிரிப்பை அடக்கத்தான். அந்த மேசையில் இருந்த நம் நாட்டுக்காரர் அத்தனை பேருக்கும் அது என்னவென்று தெரியும். பிராசவில்காரருக்கு மட்டும் தெரியாது. அவரிடம் நானே சொன்னேன், “சார், இது கேலி. அவர் சாமோ, நான் மோசி. எங்களுக்குள்ள இப்படித்தான்.” அவர் உன் பக்கம் திரும்பினார். “அப்படியா, மிஸ்டர் தோயே?”

ஒரே ஒரு ‘ஆமாம் சார்’ போதும், லஸார். நீ மேசையைப் பார்த்தபடி, “சில அம்சங்களை மறுபடி பார்க்கணும் சார்” என்றாய்.

சானு அம்மாளின் சிரிப்பு அத்தோடு நின்றது. அதைக் கவனித்தாயா? நான் கவனித்தேன்.

ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வெளிச்சுவர் முழுக்கக் கண்ணாடி. ஜூன் முப்பதுக்குள் நான் வரைந்து தர வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் வேறு ஆளுக்கு.

நீ எழுதியதற்கு எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட உரிமையும் இல்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சட்டத்தை மீறியதில்லை, இப்போதும் மீற மாட்டேன். ஆனால் நீ சொன்னது கேலி இல்லை. ஒரு நாற்காலிக்காக நீ உன் கேலியையே விற்றுவிட்டாய். சுவர் இரண்டு மடங்கு தாங்கும் என்று எனக்கு எழுதிய அதே கையால் என் காலை வாரினாய்.

இனி உன்னைக் கேலி செய்ய மாட்டேன்.

ரஸ்மாதா தாப்சோபா


போபோ திவுலாசோ
19 மார்ச் 2012

ரஸ்மாதா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். வைய வேண்டிய இடத்தில் எல்லாம் வைதிருக்கிறாய். அடிமை என்று மட்டும் ஓரிடத்திலும் இல்லை. அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

காரியதரிசியிடம் கொடுக்கும்போது அந்தப் பென்சில் எழுத்தும் நகலில் விழும் என்று நான் நினைக்கவே இல்லை. அதற்காகத் தலையில் அடித்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அறையில் நான் என்ன செய்திருக்க முடியும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார். முத்திரை குத்திய கம்பெனித் தாளில் விளையாட்டுக்கு எழுதினேன் என்று சொன்னால், மாபியாலா என்னைக் கோமாளி என்று நினைத்திருப்பார். பத்தொன்பது வருஷ சர்வீஸ், ரஸ்மாதா. வாய் திறந்தேன், வேறு ஏதோ வந்துவிட்டது.

அடுத்த வாரம் தனியாக அவரைப் பார்த்துப் பேசுகிறேன். நேரம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதுவரை நீ கண்ணாடியிலேயே ஒன்று வரைந்து வையேன்? மண்ணை இன்னொரு கட்டடத்தில் பார்த்துக்கொள்ளலாம். உனக்கு வேலை வராமலா போகும்?

பெர்த் உன்னைக் கேட்டாள். உனக்கு வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன்.

லஸார்


வாகதூகு
2 ஏப்ரல் 2012

மதிப்பிற்குரிய திரு. லஸார் தோயே அவர்களுக்கு,

தங்கள் 19ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது.

கண்ணாடியில் நான் வரைய மாட்டேன். ஒப்பந்தத்தை விட்டும் விலக மாட்டேன். ஜூன் முப்பது வரை எனக்கு நேரம் இருக்கிறது.

என் அலுவலகத்தின் பின்பக்க முற்றத்தில் ஓர் அறை கட்டத் தொடங்கியிருக்கிறேன். தங்கள் கம்பெனியின் இரண்டாம் மாடியிலிருந்து ஓர் அறையை அப்படியே வெட்டியெடுத்து வைத்தது போல, முழு அளவில். நாலு மேசை, இரட்டைக் கூரை, மேல்சாளரம் எல்லாம் உண்டு. மேற்குச் சுவருக்கு மட்டும் சன்ஷேடு வைக்கவில்லை. மழை நேராக அதில் விழட்டும் என்று வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பக்கத்திலேயே அதே அளவில் கண்ணாடி அறை ஒன்றும் எழுப்புகிறேன். கொத்தனார் யம்பா, “எதுக்கும்மா இது, தக்காளி காயவைக்கவா?” என்று கேட்கிறார். ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மண்கல் சோதனை முடிவுகளின் நகலைத் தாங்கள் அனுப்பிவைத்தால் உதவியாக இருக்கும். அது தங்கள் கடமையும்கூட.

இப்படிக்கு,
ர. தாப்சோபா
கட்டடக் கலைஞர்


போபோ திவுலாசோ
29 ஏப்ரல் 2012

என் அடிமைக்கு (ஒருவேளை இன்னும் இருந்தால்),

சோதனை முடிவுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். ‘தங்கள்’, ‘தாங்கள்’ என்று நீ எழுதியதைப் படித்துப் பெர்த் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது. “என்ன செஞ்சீங்க? மோசிப் பொண்ணு உங்களுக்கு மரியாதை குடுக்குற அளவுக்கு என்ன பாவம் செஞ்சீங்க?” என்றாள். உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு மெத்தையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு இங்கே கரண்ட் போனது. ஜெனரேட்டரும் படுத்துவிட்டது. எங்கள் பழைய கட்டடத்து ஜன்னல்கள் திறக்காது என்பது உனக்குத் தெரியும். பதினொன்றரைக்கெல்லாம் கணக்குப் பிரிவில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். எல்லாரும் வெளியே மாமரத்தடியில் போய் நின்றோம். மாபியாலாவும் வந்தார், கோட்டோடு. சானு அம்மாள் அவரிடம் ஒரு மாம்பழத்தை நீட்டி, “சாப்பிடுங்க சார். இந்த மரத்துக்கு யாரும் ஏ.சி. போடல” என்றார். அப்போது நான் சொல்லியிருக்கலாம். பக்கத்தில்தான் நின்றேன். சொல்லவில்லை.

நீ ஒன்று செய். ஒரே ஒரு வசவு எழுதி அனுப்பு. நாய் என்று எழுது, நாய்த்தலை என்று எழுது. மண் அறை என்ன ஆயிற்று என்றாவது எழுது.

லஸார்


போபோ திவுலாசோ
26 மே 2012

ரஸ்மாதா,

பதில் வரவில்லை. வராது என்று புரிந்துகொண்டேன். இதற்கும் வேண்டாம்.

நேற்றுப் போர்டு கூடியது. கண்ணாடி வாங்குவதைப் பற்றி. நான் எழுந்து, பேச அனுமதி கேட்டேன். முன்பே எழுதி வைத்திருந்த தாளை எடுத்தால் எழுத்தே தெரியவில்லை, மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “சார், நாலாவது தாள்ல நான் எழுதினது கேலி. தாப்சோபா மோசி, நான் சாமோ. நாங்க சந்திச்சா திட்டிக்கணும், அதுதான் முறை. அந்தச் சுவர் கரையாது. லேப் ரிசல்ட் என் பையிலயே இருக்கு. அன்னிக்கு நீங்க கேட்டப்போ நான் பொய் சொன்னேன்.”

மாபியாலா லேப் தாளை வாங்கிப் புரட்டினார். பிறகு, “மூணு மாசமா?” என்றார். ஆமாம் என்றேன். “ஜோக்க நான் மன்னிச்சிடுவேன், தோயே. மூணு மாசத்த எப்படி மன்னிக்கிறது?” என்றார். நீ சொன்னதைத்தான் அவரும் சொன்னார். பேசிவைத்துக்கொள்ளாத இரண்டு பேர் ஒரே இடத்தில் அடித்தால் அங்கேதான் நோவு இருக்கிறது.

சானு அம்மாள்தான் பேச்சை முன்னே தள்ளினார். “சார், அந்த அம்மா வாகதூகுவுல ஒரு ரூம் கட்டியிருக்காங்களாம். கரையுதா இல்லையான்னு போய்ப் பார்த்துடலாமே. கண்ணாடி எங்க ஓடிப்போகுது?” மழை இரண்டு மூன்று பெய்து முடிந்ததும், ஜூன் கடைசியில் வருகிறார்கள். தயாராக இரு. மாபியாலாவுக்கு வெயில் ஏறிய பிறகு அறையைக் காட்டு, காலையில் காட்டாதே. மூன்று மணிக்குக் காட்டு.

நாற்காலி போய்விட்டது. தேதுகுவில் எங்கள் கம்பெனியின் பஞ்சு அரைவை ஆலை இருக்கிறது, அங்கே பராமரிப்புப் பொறியாளராகப் போகச் சொல்லியிருக்கிறார்கள். பெர்த் சந்தோஷமாக இருக்கிறாள் என்று சொன்னால் நம்புவாயா? அது சாமோ நாட்டுப் பக்கம், நாய்கள் அதிகம் என்கிறாள்.

நம் முறைப்படி நான் உன் வாசலில் வந்து படுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் உன்னால் மறுக்க முடியாது. கேலிமுறைக்காரன் கெஞ்சினால் கொடுத்தே ஆக வேண்டும். அதனால்தான் வரவில்லை. சட்டத்துக்காக நீ கொடுப்பது எனக்கு வேண்டாம்.

லஸார்


வாகதூகு
4 ஜூலை 2012

மதிப்பிற்குரிய லஸார் அவர்களுக்கு,

நடந்ததைத் தெரிவிப்பது நியாயம் என்று தோன்றியது.

ஜூன் மாதத்தில் ஆறு மழை. ஒன்பதாம் தேதி விழுந்தது சாதாரண மழை இல்லை, பக்கத்து வீட்டுத் தகரத்தையே கழற்றிக்கொண்டு போனது. நான் குடையோடு மேற்குச் சுவருக்கு முன்னால் நின்றேன். குடையும் போய்விட்டது. சுவரில் மேலாக இருந்த தூசி மட்டும் வழிந்து, கல் நல்ல சிவப்பாக வெளியே வந்தது. கையால் தேய்த்துப் பார்த்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. யம்பா, “உள்ள வாங்கம்மா, சுவருக்கு ஒண்ணும் ஆகாது, உங்களுக்குத்தான் ஆகும்” என்று கத்திக்கொண்டிருந்தார்.

இருபத்தெட்டாம் தேதி அவர்கள் வந்தார்கள். நீங்கள் சொன்னபடி மூன்று மணிக்குத்தான் காட்டினேன். நல்லவேளையாக மூன்று நாள் மழையில்லாமல் காய்ந்திருந்தது. வெளியே முப்பத்தெட்டு. முதலில் கண்ணாடி அறை. வெப்பமானி நாற்பத்தாறு காட்டியது. மாபியாலா இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. பிறகு மண் அறை. முப்பது. மேசையில் உட்கார்ந்து என் கணக்குத் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார், இருபது நிமிஷம் ஆயிற்று. நடுவில் எழுந்து அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். “மெஷின எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?” என்றார். இல்லை என்றேன். யம்பாவைத் தனியாகக் கூப்பிட்டும் கேட்டார். அவர், “மெஷின் நான்தான் சார்” என்று சொல்லியிருக்கிறார்.

மண்கல்லுக்கு ஒப்புக்கொண்டார். ஆனால் தன் அறைக்கு மட்டும் ஏ.சி. வேண்டும் என்றார். ஏ.சி. பொருத்துகிற அளவுக்குச் சுவரில் ஓட்டை விடுகிறேன், ஒரு ஏப்ரல் மாதம் இருந்து பாருங்கள், முடியாவிட்டால் மாட்டிக்கொள்ளுங்கள் என்றேன். ஓட்டை எங்கே வரும் என்று பிளானில் விரல் வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

கட்டடம் பிழைத்தது. நீங்கள் எழுந்து நின்று சொல்லாவிட்டால் பிழைத்திருக்காது. அதற்கு நன்றி.

மற்றதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. ஒரு சுவரைச் சோதிக்கவே எனக்கு ஆறு மழை தேவைப்பட்டது.

இப்படிக்கு,
ரஸ்மாதா தாப்சோபா


தேதுகு
3 நவம்பர் 2013

ரஸ்மாதா,

தேதுகுவிலிருந்து எழுதும் ஏழாவது கடிதம் இது. பதிலை எதிர்பார்த்து எழுதவில்லை என்று சொன்னால் பொய். இனிமேல் பொய் சொல்வதில்லை என்று இருக்கிறேன்.

சானு அம்மாள் போன் செய்தார். நாலாம் மாடிக்குச் சுவர் ஏறிவிட்டதாம், தகரம் போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். ஊரில் எல்லாரும் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிறார்களாம். நான் வந்து பார்க்கவில்லை. எனக்கு அங்கே வர முகமில்லை.

இங்கே பஞ்சு நேரம். காதில் பஞ்சு, சோற்றில் பஞ்சு. ஆலையின் காவலாளி அறை தகரத்தால் ஆனது, மத்தியானத்தில் மனுஷன் வெளியே முள்மரத்தடியில்தான் உட்கார்ந்திருப்பான். போன மாதம் அதை இடித்துவிட்டு மண்கல்லில் கட்டினேன், இரட்டைக் கூரை போட்டு. உன் பிளானின் ஆறாவது தாளைப் பார்த்துத்தான். திருட்டுதான், வழக்குப் போடு. காவலாளி இப்போது உள்ளேயே தூங்குகிறான், அதற்காக எனக்கு மேலிடத்திலிருந்து ஓலை வந்திருக்கிறது.

பெர்த் நலம். பெரியவன் லோமேவுக்குப் படிக்கப் போயிருக்கிறான். வாசலில் மோசிப் பெண் யாராவது நின்றால் பெட்டியைத் தூக்கச் சொல்லு, ஆனால் பின்னாலேயே போ, சாக்கடை இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

லஸார்


போபோ திவுலாசோ
18 ஜூன் 2014

என் அடிமை லஸாருக்கு,

எழுத்தை உற்றுப் பார்க்காதே, சரியாகத்தான் படித்திருக்கிறாய்.

உன் எஜமானி ரஸ்மாதா எழுதுவது. நான் நலம். தேதுகுவிலிருந்து நீ எழுதிய ஒன்பது கடிதமும் வந்தன. எல்லாவற்றையும் படித்தேன், எழுத்துப்பிழைகளைச் சிவப்புப் பென்சிலில் திருத்தி வைத்திருக்கிறேன். இரண்டு வருஷமும் மூன்று மாதமும் நான் ஒரு சாமோக்காரனையும் திட்டவில்லை. நாக்கு தடித்துவிட்டது. நீ இல்லாமல் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இதை ஒரு முறைதான் சொல்வேன், இந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்.

உங்கள் கம்பெனி மார்ச்சில் குடிபுகுந்தது. ஏப்ரல் முழுக்க நானும் அங்கேயே ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன், வெப்பமானியும் கையுமாக. மிக மோசமான நாளில் வெளியே நாற்பத்திரண்டு, உள்ளே முப்பத்திரண்டு. இரண்டு தடவை கரண்ட் போனது. கணக்குப் பிரிவில் யாரும் மயங்கவில்லை. நீ எழுதினாயே அந்தப் பெண், அவள் கரண்ட் போனதைக் கவனிக்கவே இல்லை, பக்கத்தில் இருந்தவள் சொல்லித்தான் தெரிந்தது. மாபியாலா அறையின் ஓட்டையில் குருவி கூடு கட்டியிருக்கிறது. ஆள் வைத்து எடுக்கலாமா என்று நான் கேட்டதற்கு, “இருக்கட்டும், குஞ்சு பொரிச்சிருக்கு” என்றார். சொல்ல மறந்துவிட்டேன், அவர் இப்போது கோட்டு போடுவதில்லை. பருத்திக் கம்பெனி எம்.டி. பருத்திச் சட்டை போட ஆரம்பித்திருக்கிறார்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

மேற்குச் சுவரில், வாசலுக்கு இடப்பக்கம், மழை நேராக அடிக்கிற இடத்தில் ஒரு கல்லுக்கு மட்டும் தனி அச்சு செய்யச் சொன்னேன். ஈரமாக இருக்கும்போதே அதில் எழுத்துப் பதிய வேண்டும். யம்பா படித்துவிட்டு அச்சைக் கீழே வைத்துவிட்டார். “சொந்தக் கட்டடத்துக்கே சாபம் எழுதச் சொல்றீங்களேம்மா!” “சாபம் இல்ல யம்பா, ஒரு சாமோக்காரனோட கையெழுத்து. அமுக்குங்க” என்றேன். அவரும் மோசிதானே, சிரித்துக்கொண்டே அமுக்கினார். அதில் இருப்பது இதுதான்:

முதல் மழைக்குக் கரைந்துவிடும்.
லஸார் தோயே, பொறியாளர்.

திறப்புவிழா அன்றும் உனக்கு எழுதவில்லை. வேண்டுமென்றேதான். கரைகிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். நேற்று மத்தியானம் பெய்தது. வருஷத்தின் முதல் பெரிய மழை, ஒன்றே கால் மணி நேரம். இந்தத் தடவை குடை எடுத்துப் போகவில்லை. நனைந்துகொண்டு அந்தக் கல்லுக்கு முன்னாலேயே நின்றேன். மழை விட்டதும் ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட மழுங்கவில்லை.

யாரோ பின்னால் வந்து நின்றார்கள். மாபியாலா. எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார், போர்டில் படித்தது போலவே. படித்துவிட்டுச் சிரித்தார். கூடவே வந்த சானு அம்மாளும் மற்றவர்களும் சிரிப்பதற்கு முன்னாலேயே சிரித்தார். பிறகு, “ரெண்டு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். என்னைத் திட்ட ஒரு ஆள் இல்ல. எனக்கு யாரும் முறை இல்லையா?” என்று கேட்டார். சானு அம்மாள் யோசிக்கவே இல்லை. “இன்னையிலேர்ந்து நீங்க சாமோ சார்.” உடனே நான், “அப்ப வாங்க, என் செருப்பு சேறாயிடுச்சு, கழுவிட்டு வாங்க” என்றேன். அவர் பேந்தப் பேந்த விழித்தார். அதற்குப் பிறகு, “ஆட்டுக்கொட்டகையில செருப்பு எதுக்கு?” என்றார். உச்சரிப்புத்தான் கொஞ்சம் சரியில்லை, தேறிவிடுவார்.

உன்னைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அது உனக்கும் அவருக்கும் இடையில். ஆனால் அந்தக் கல்லில் பெயர் இருக்கிறவன் அதைப் பார்க்காமல் இருப்பது முறையில்லை. எனக்கு முகமில்லை என்று எழுதியிருந்தாய். சாமோக்காரனுக்கு முகம் எப்போது இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து வா. பெர்த்தையும் கூட்டிக்கொண்டு வா. நான் சானு அம்மாள் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். நாய்த்தலை சமைக்க எனக்குத் தெரியாது, தினைக்களியும் வெண்டைக்காய்க் குழம்பும்தான். முதலில் கட்டடத்துக்குப் போவோம், பிறகு சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் எல்லாம் நீ கழுவ வேண்டும். வாசலில் வந்து படுத்துக்கொள்ள நினைக்காதே, வழியை அடைக்கும்.

உன் எஜமானி,
ரஸ்மாதா